லிங்க் அறுந்ததை ஒரு விநாடிக்குள் அறிய: ஓஎஸ்பிஎஃப், பிஜிபி ஆகியவற்றுடன் பிஎஃப்டி அமைக்கும் முழுமையான வழிகாட்டி

இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஒரு ஸ்விட்ச்சோ மீடியா கன்வர்ட்டரோ இருந்துவிட்டால், இடையில் ஃபைபர் அறுந்தாலும் இரு முனைகளிலும் போர்ட் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். ரவுட்டர்கள் பாதைகளைத் தமக்குள் அறிவித்துக்கொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ அனுப்பும்; 40 விநாடி எதுவும் கேட்காத பிறகுதான் அண்டை ரவுட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டும். நெட்வொர்க்குகளுக்கு இடையே பாதைகளை அறிவிக்கும் பிஜிபியின் ஹோல்ட் டைம், அதாவது மறுமுனையின் குரலுக்காகக் காத்திருக்கும் நேரம், பல கருவிகளில் 180 விநாடி. அதுவரை பாக்கெட்டுகள் இல்லாத பாதையில் போய் விழுந்துகொண்டே இருக்கும். இந்தக் காத்திருப்பை ஒரு விநாடிக்கும் கீழே கொண்டுவருவது பிஎஃப்டி: இரு ரவுட்டர்களும் சிறு பாக்கெட்டுகளை இடைவிடாமல் அனுப்பி ஒன்றையொன்று கண்காணிக்கும் முறை. அந்தக் கண்காணிப்புத் தொடர்பைத்தான் செஷன் என்கிறோம்.

இங்கே லினக்ஸில் ஓடும் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். மற்றக் கருவிகளில் கட்டளையின் வடிவம் மாறும், வேலையின் வரிசை மாறாது. கட்டளைகளை ஒலிபெயர்த்துத் தந்திருப்பதால், கருவியில் தட்டும்போது வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் கட்டளையில் அல்ல, வரிசையில். நேர அளவை இறுக்கமாக வைத்து, முதல் நாளே ரவுட்டிங் நெறிமுறையோடு கட்டிவிடுகிறார்கள். பிறகு செஷன் விழும்போது, விழுந்தது லிங்க்கா அமைப்பா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. முதலில் செஷனைத் தனியாக, தளர்வாக எழுப்புங்கள், அது நிலையாக நிற்பதைப் பார்த்தபின் நெறிமுறையோடு இணையுங்கள், கடைசியில்தான் இறுக்குங்கள்.

1. உங்கள் லிங்க்குக்கு இது தேவையா என்று பாருங்கள்

இரு ரவுட்டர்களும் ஒரே கேபிளால் நேராக இணைந்திருந்தால், கேபிள் அறுந்த கணமே இன்டர்ஃபேஸ் விழும். ஓஎஸ்பிஎஃப் உடனே அறியும், நேரடி இபிஜிபியும் (வேறொரு நெட்வொர்க்கோடு பேசும் பிஜிபி) பெரும்பாலான கருவிகளில் அப்போதே செஷனை முடித்துக்கொள்ளும். அங்கே பிஎஃப்டியின் பயன் குறைவு. ஆனாலும் ஃபைபரின் ஒரு இழை மட்டும் கெட்டு, ஒரு திசை மட்டும் செத்துப்போகும் பழுதை அது பிடித்துக்கொடுக்கும்.

நடுவில் ஸ்விட்ச், வாடகை ஈதர்நெட் இணைப்பு, ரேடியோ, டனல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பிஎஃப்டி தேவை என்றே சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு. மாற்றுப்பாதை இல்லாத ஒற்றை லிங்க்கில் இதை அமைப்பதால் எந்த நன்மையும் இல்லை. பழுதை விரைவாக அறிந்தும் போக வேறு வழி கிடையாது, சிறு தடுமாற்றத்துக்கெல்லாம் நெறிமுறை விழுந்து எழும் தொல்லை மட்டும் மிஞ்சும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரு முனைகளிலும் மாற்றம் செய்யும் உரிமை, அல்லது மறுமுனையைப் பார்த்துக்கொள்பவரோடு முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட அளவுகள். ஒரு முனையில் மட்டும் அமைத்தால் செஷன் எழாது.

ஓஎஸ்பிஎஃப் அல்லது பிஜிபி ஏற்கெனவே நிலையாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தள்ளாடும் அண்டைத் தொடர்பின் மேல் பிஎஃப்டியை ஏற்றினால் தள்ளாட்டம்தான் பெருகும்.

இரு ரவுட்டர்களின் கடிகாரமும் என்டிபியால் ஒத்திருக்கட்டும். பிஎஃப்டிக்கு இது தேவையில்லை, அது இடைவெளியை மட்டுமே எண்ணுகிறது. பின்னால் இரு முனை லாகுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கப்போவது நீங்கள், உங்களுக்காகத்தான் இது.

இணைப்பை ஒரு நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு எடுத்திருந்தால், அவர்களது பாதையில் பாதுகாப்பு மாற்றம் (ஒரு வழி பழுதானால் தானாக வேறு வழிக்கு மாறுவது) உண்டா, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அந்த எண் வேண்டும்.

3. நேர அளவுகளைத் தாளில் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு ரவுட்டரும் மூன்று எண்களை மறுமுனைக்கு அறிவிக்கிறது: எந்த இடைவெளியில் அனுப்ப விரும்புகிறது, எந்த இடைவெளிவரை வாங்கிக்கொள்ள முடியும், எத்தனை பாக்கெட் தவறினால் லிங்க் செத்ததாக மறுமுனை கொள்ள வேண்டும். மூன்றாவது எண்ணின் பெயர் டிடெக்ட் மல்டிப்ளையர்.

இங்கே ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறை சறுக்குகிறார்கள். ஒரு ரவுட்டரின் கண்டறியும் நேரம் அதில் நீங்கள் எழுதிய எண்களால் மட்டும் அமைவதில்லை. தன் வாங்கும் இடைவெளி, மறுமுனையின் அனுப்பும் இடைவெளி ஆகிய இரண்டில் எது பெரிதோ அதை எடுத்து, மறுமுனையின் மல்டிப்ளையரால் பெருக்க வேண்டும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். அ ரவுட்டரில் அனுப்புவது 300, வாங்குவது 300 மில்லிவிநாடி, மல்டிப்ளையர் 3. ஆ ரவுட்டரில் அனுப்புவது 100, வாங்குவது 1000, மல்டிப்ளையர் 5. அ பழுதை அறிய 300-ஐ 5-ஆல் பெருக்கி 1500 மில்லிவிநாடி ஆகும். ஆ அறிய 1000-ஐ 3-ஆல் பெருக்கி 3000 மில்லிவிநாடி. அ பக்கம் 900 என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு இரு முனையிலும் அது கிடைக்கவில்லை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க இரு முனைகளிலும் ஒரே எண்களை எழுதுவதே நல்லது.

எந்த எண்? எஃப்ஆர்ஆரின் இயல்பான அளவு 300 மில்லிவிநாடி, மல்டிப்ளையர் 3, அதாவது 900 மில்லிவிநாடி. மென்பொருள் ரவுட்டருக்கு இதற்குக் கீழே போக வலுவான காரணம் வேண்டும். ஒரு பாக்கெட் ஐபி, யூடிபி தலைப்புகளோடு சேர்த்து 52 பைட்தான் என்பதால் லிங்க்கின் அகலம் ஒரு பொருட்டல்ல, சிபியுதான் பொருட்டு. 50 மில்லிவிநாடி இடைவெளியில் 100 செஷன் வைத்தால் விநாடிக்குக் குறைந்தது 2000 பாக்கெட்டை அனுப்பி, அதே அளவு பாக்கெட்டை வாங்கவும் வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். போர்ட்டுகளைத் தாங்கும் அட்டையான லைன் கார்டிலேயே பிஎஃப்டியை நடத்தும் கருவிக்கு இது எளிது. மற்ற வேலைகளோடு ஒரே சிபியுவைப் பகிர்ந்துகொள்ளும் ரவுட்டருக்கு எளிதல்ல.

விர்ச்சுவல் மெஷினில் ஓடிய ஒரு ரவுட்டரில் புதிதாக வந்த இளைஞர் 50 மில்லிவிநாடி, மல்டிப்ளையர் 3 என்று அமைத்திருந்தார். பகலெல்லாம் அமைதியாக இருந்தது. இரவு பேக்கப் தொடங்கி, ஸ்னாப்ஷாட்டுக்காக அந்த மெஷின் கால் விநாடி உறைந்து நின்றது. 150 மில்லிவிநாடி தாண்டியதும் அண்டை ரவுட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதைக் கைவிட்டன. லிங்க் ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் 1000 மில்லிவிநாடி, மல்டிப்ளையர் 3 என்பதிலேயே நின்றுவிடுங்கள். 40 விநாடியிலிருந்து 3 விநாடிக்கு வந்ததே பெரும் ஆதாயம்.

முன்படியில் கேட்டு வைத்த பாதுகாப்பு மாற்ற நேரத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டறியும் நேரம் அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்அடுக்கு தானே சரிசெய்துகொள்ளும் பழுதுக்கும் ரவுட்டிங் குலையும்.

4. ஃபயர்வாலில் வழி திறங்கள்

நேரடி அண்டைக்கு யூடிபி போர்ட் 3784. லூப்பேக் முகவரிகளுக்கு (எந்த லிங்க்கையும் சாராத, ரவுட்டரின் சொந்த முகவரி) இடையே பல தாவல்களை, அதாவது நடுவில் உள்ள ரவுட்டர்களை, கடந்து அமைப்பதானால் 4784. இரு ரவுட்டர்களிலும் உள்வரும் திசையில் இந்த இலக்குப் போர்ட்டை அனுமதியுங்கள்.

“ஏற்கெனவே உருவான தொடர்பின் பதில்களை அனுமதி” என்ற பொதுவான விதி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அ அனுப்பும் பாக்கெட்டின் இலக்கு 3784. ஆ அனுப்பும் பாக்கெட்டின் இலக்கும் 3784-தான், மூலப்போர்ட்டோ 49152-க்கு மேற்பட்ட அதன் சொந்த எண். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் அல்ல, இரண்டும் தனித்தனி ஓட்டங்கள். ஆகவே அந்த விதி இதைப் புதிய தொடர்பாகக் கருதித் தடுத்துவிடும்.

ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் எண் டிடிஎல். நேரடி அண்டைக்கான பாக்கெட் டிடிஎல் 255-உடன் புறப்பட்டு 255-ஆகவே வந்து சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வேறு எங்கிருந்தோ வந்தது என்று கருதப்பட்டுத் தள்ளப்படும். நடுவில் ஒரு ரவுட்டரை மறைத்து வைத்திருக்கும் “நேரடி” இணைப்புகள் இப்படித்தான் வெளிப்படுகின்றன.

5. பிஎஃப்டி டீமனை இயக்குங்கள்

டீமன் என்பது பின்னணியில் ஓடும் நிரல். எஃப்ஆர்ஆரின் அமைப்புக் கோப்புறையில் “டீமன்ஸ்” என்ற கோப்பு இருக்கும். அதில் “பிஎஃப்டிடி” என்ற வரியின் “நோ” என்பதை “யெஸ்” என மாற்றிச் சேமியுங்கள். பிறகு எஃப்ஆர்ஆர் சேவையை ரீலோட் செய்தால் புதிய டீமன் தொடங்கும். அப்படியும் தொடங்காவிட்டால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்யும்போது அந்த ரவுட்டரின் எல்லா அண்டைத் தொடர்புகளும் விழுந்து எழும். எனவே முன்னறிவித்த பராமரிப்பு நேரத்தில் ஒவ்வொரு ரவுட்டராகச் செய்யுங்கள். முதல் ரவுட்டரில் எல்லாத் தொடர்பும் திரும்பி வந்ததை உறுதிசெய்யாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். பத்தாம் படியின் சோதனையைத் தவிர்த்தால், சேவை தடைபடக்கூடிய படி இது ஒன்றே. மற்றவை எல்லாம் ஓடும்போதே செய்யத்தக்கவை.

6. செஷனைத் தனியாக, தளர்வாக எழுப்புங்கள்

முதலில் ஒரு ப்ரொஃபைல் உருவாக்குங்கள். எண்களை ஒவ்வொரு அண்டைக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே இடத்தில் வைத்தால், பிறகு இறுக்கும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பிஎஃப்டி
ப்ரொஃபைல் கோர்
டிடெக்ட்-மல்டிப்ளையர் 3
ரிசீவ்-இன்டர்வல் 1000
டிரான்ஸ்மிட்-இன்டர்வல் 1000

அடுத்து, அதே பிஎஃப்டி பகுதிக்குள் அண்டையைக் குறிப்பிடுங்கள்:

பியர் 192.0.2.2 இன்டர்ஃபேஸ் ஈத்1
ப்ரொஃபைல் கோர்

மறுமுனையில் இதே வரிகள், முகவரி மட்டும் 192.0.2.1. இன்டர்ஃபேஸ் பெயரை விடாமல் எழுதுங்கள். எந்த லிங்க்கின் மேல் செஷன் நிற்கிறது என்பதில் ஐயம் இருக்கக்கூடாது.

இப்போது “ஷோ பிஎஃப்டி பியர்ஸ்” என்று தட்டிப் பாருங்கள். செஷன் டவுன் நிலையில் தொடங்கி, மறுமுனையின் குரல் கேட்டதும் இனிட்டுக்கு வந்து, தன் குரலை மறுமுனை கேட்டதும் அப் ஆகும். எழும் வரை எந்த அளவு எழுதியிருந்தாலும் விநாடிக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் போகாது என்பதால், ஓரிரு விநாடி தாமதத்தைக் கண்டு கவலைப்பட வேண்டாம். “ரிமோட் டைமர்ஸ்” என்ற தலைப்பின்கீழ் மறுமுனை அறிவித்த எண்கள் தெரியும். நீங்கள் தாளில் எழுதியவையும் அவையும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த நிலையில் ஒரு நாளாவது விட்டுவிடுங்கள். நெறிமுறை எதுவும் இணைக்கப்படாததால் செஷன் நூறு முறை விழுந்தாலும் யாருக்கும் பாதிப்பில்லை. மறுநாள் “ஷோ பிஎஃப்டி பியர்ஸ் கவுன்ட்டர்ஸ்” தட்டினால் செஷன் எத்தனை முறை விழுந்தது என்று தெரியும். அந்த எண் கூடியிருந்தால் லிங்க்கில் உண்மையாகவே பாக்கெட் இழப்பு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

7. ஓஎஸ்பிஎஃப்போடு இணையுங்கள்

இன்டர்ஃபேஸ் ஈத்1
ஐபி ஓஎஸ்பிஎஃப் பிஎஃப்டி
ஐபி ஓஎஸ்பிஎஃப் பிஎஃப்டி ப்ரொஃபைல் கோர்

இரு முனைகளிலும் அடுத்தடுத்துச் செய்யுங்கள். செஷன் ஏற்கெனவே அப் ஆக இருப்பதால் அண்டைத் தொடர்பு அசையாது. இன்டர்ஃபேஸில் இரண்டே ரவுட்டர்கள் இருந்தால் நெட்வொர்க் வகையைப் பாயின்ட்-டு-பாயின்ட் என வைத்துக்கொள்வது நல்லது. டிஆர் எனப்படும் தலைமை ரவுட்டரின் தேர்தலுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும். ஆனால் அந்த மாற்றம் அண்டைத் தொடர்பை விழச்செய்யும் என்பதால் ஐந்தாம் படியின் பராமரிப்பு நேரத்திலேயே அதையும் முடித்துவிடுங்கள்.

பிஎஃப்டி கண்டறிவதை மட்டுமே விரைவாக்கும். பழுதை அறிந்தபின் ஓஎஸ்பிஎஃப், எஸ்பிஎஃப் எனப்படும் குறுகிய பாதைக் கணக்கைப் போட்டு, புதிய பாதையை ரவுட்டிங் அட்டவணையில் ஏற்ற வேண்டும். சில பழைய கருவிகளில் எஸ்பிஎஃப் கணக்குக்கு முன் 5 விநாடி காத்திருக்கும் அமைப்பு இயல்பாகவே இருக்கும். அங்கே 900 மில்லிவிநாடியில் பழுதை அறிந்தும் 6 விநாடி போக்குவரத்து நிற்கும். எல்லா ரவுட்டர்களிலும் இந்தக் காத்திருப்பை நிர்ணயிக்கும் எஸ்பிஎஃப் த்ராட்டில் அளவுகளைப் பாருங்கள்.

8. பிஜிபியோடு இணையுங்கள்

ரவுட்டர் பிஜிபி பகுதிக்குள்:

நெய்பர் 192.0.2.2 பிஎஃப்டி
நெய்பர் 192.0.2.2 பிஎஃப்டி ப்ரொஃபைல் கோர்

நேரடி இபிஜிபிக்கு இவ்வளவே. லூப்பேக் முகவரிகளுக்கு இடையே நிற்கும் ஐபிஜிபி (ஒரே நெட்வொர்க்குக்குள் ஓடும் பிஜிபி) செஷனுக்கும் இதையே எழுதத் தோன்றும், அங்கே நிதானியுங்கள். நடுவில் ஒரு லிங்க் விழுந்தால் ஓஎஸ்பிஎஃப் வேறு வழி கண்டுபிடித்து லூப்பேக்கை எட்டவைக்கும், ஐபிஜிபி விழவேண்டிய அவசியமே இல்லை. அந்த மாற்றம் முடிவதற்குள் பல தாவல் பிஎஃப்டி அவசரப்பட்டு விழுந்தால், ஆயிரக்கணக்கான வழிகளைத் தேவையில்லாமல் கழற்றி மாட்ட நேரும். உள்லிங்க்குகளில் ஓஎஸ்பிஎஃப்புக்கு பிஎஃப்டி வைத்துவிட்டு, ஐபிஜிபியை அப்படியே விட்டுவிடுவதே என் வழக்கம்.

பிஜிபியில் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிஜிபியும் பிஎஃப்டியும் ஒரே சிபியுவில் ஓடும் ரவுட்டர் மறுதொடக்கமானால் இரண்டும் சேர்ந்தே விழும். மறுமுனை பிஎஃப்டி விழுந்ததைப் பார்த்து வழிகளை உடனே நீக்கினால், அவற்றைத் தக்கவைக்க வைத்திருந்த கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் வீணாகிவிடும். இரண்டில் எது முக்கியம் என்பதை லிங்க்வாரியாக முடிவுசெய்யுங்கள்.

9. இப்போது இறுக்குங்கள்

ப்ரொஃபைலில் 1000 என்பதை இரு முனைகளிலும் 300 ஆக்குங்கள். ஓடும் செஷனில் அளவை மாற்றலாம். இரு ரவுட்டர்களும் போல், ஃபைனல் என்ற இரு குறிகளால் புதிய எண்ணை ஒப்புக்கொண்ட பிறகே அதற்கு மாறும், செஷன் விழாது. ஒரு முனையை மட்டும் மாற்றிவிட்டு மறந்துபோனால், மூன்றாம் படியில் கண்ட கணக்கின்படி பெரிய எண்ணே நிற்கும்.

10. உண்மையான பழுதைப் போலச் சோதியுங்கள்

இன்டர்ஃபேஸை ஷட்டவுன் செய்து பார்ப்பது சோதனை ஆகாது. ரவுட்டர் தன் இன்டர்ஃபேஸ் விழுந்ததை பிஎஃப்டி இல்லாமலே அறியும். 3784 போர்ட்டை மட்டும் ஃபயர்வாலில் அடைப்பதும் தவறான படத்தைக் காட்டும்: பிஎஃப்டி விழும், ஓஎஸ்பிஎஃப் விழும், ஆனால் ஹலோ தடையின்றி வந்துகொண்டிருப்பதால் சிறிது நேரத்தில் ஓஎஸ்பிஎஃப் மீண்டும் ஃபுல் (முழுத் தொடர்பு நிலை) ஆகிவிடும், பிஎஃப்டி டவுனாகவே இருக்கும்போதும். இயல்பான அமைப்பில் செஷன் எழாதது அண்டைத் தொடர்பைத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்பவர்களுக்காகத்தான் 2023-இல் வெளியான ஆர்எஃப்சி 9355 என்ற இணையத் தர ஆவணம் ஸ்ட்ரிக்ட் முறையை வரையறுத்தது. இரு கருவிகளும் அதை ஆதரித்தால் பயன்படுத்துங்கள்.

சரியான சோதனை, நடுவில் உள்ள ஸ்விட்ச்சில் அந்த லிங்க்கைச் சுமக்கும் விலானை (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) ஒரு போர்ட்டிலிருந்து எடுத்துவிடுவது. விளக்குகள் பச்சையாகவே இருக்கும், பாதை மட்டும் செத்துப்போகும். அதற்கு முன், அந்த லிங்க்கைக் கடந்து போகும் ஒரு முகவரிக்கு 10 மில்லிவிநாடிக்கு ஒன்று என்ற வீதத்தில் பிங்கை ஓடவிடுங்கள். இழந்த பாக்கெட்டுகளை 10-ஆல் பெருக்கினால் தடை நீடித்த மில்லிவிநாடி கிடைக்கும். 300 மில்லிவிநாடி, மல்டிப்ளையர் 3 என்ற அளவில் கண்டறிவதற்கு மட்டும் ஏறத்தாழ 600 முதல் 900 வரை ஆகும். கடைசிப் பாக்கெட் வந்து எவ்வளவு நேரத்தில் பாதை அறுந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். அதற்கு மேல் தெரிவது எஸ்பிஎஃப்பும் அட்டவணை ஏற்றமும் எடுத்த நேரம்.

11. விழுந்தபின் லாகைப் படிக்கும் முறை

“ஷோ பிஎஃப்டி பியர்ஸ்” காட்டும் டயக்னாஸ்டிக்ஸ் வரியை இரு முனைகளிலும் எடுத்து ஒப்பிடுங்கள். காரணக் குறி 1 என்றால் அந்த ரவுட்டருக்கு வரவேண்டிய பாக்கெட் வரவில்லை, நேரம் முடிந்தது. குறி 3 என்றால் அதற்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, மறுமுனைதான் டவுன் என்று சொல்லியது. அ-வில் 1, ஆ-வில் 3 என்று இருந்தால் ஆ-விலிருந்து அ-வுக்கு வரும் திசையே கெட்டிருக்கிறது. இணைப்பு தரும் நிறுவனத்திடம் “லிங்க் போகிறது, வருகிறது” என்று புகார் செய்வதைவிட, எந்த இழையை அளக்க வேண்டும் என்றே சொல்லிவிடலாம். இரண்டிலும் 1 என்றால் இரு திசையும் ஒருசேரப் போயிருக்கிறது.

பிஜிபி பக்கத்தில், புதிய மென்பொருள்கள் பிஎஃப்டியால் செஷன் முடிந்தால், செஷனை முடிப்பதைச் சொல்லும் சீஸ் அறிவிப்பில் துணைக்குறி 10 அனுப்பும். ஹோல்ட் டைம் முடிந்த அறிவிப்பு மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் பிஎஃப்டி அந்த நெய்பரோடு இணைக்கப்படவே இல்லை என்று பொருள்.

லிங்க் நிறைந்து வழியும் நேரங்களில் மட்டும் செஷன் விழுந்தால், வரிசை முன்னுரிமையைப் பாருங்கள். ரவுட்டர் சிஎஸ்6 என்ற முன்னுரிமைக் குறியோடு பாக்கெட்டை அனுப்பினாலும் நடுவில் உள்ள ஸ்விட்ச் அந்தக் குறியை மதிக்காமல் சாதாரண வரிசையில் போட்டுவிடக்கூடும். பல கேபிள்களை எல்ஏசிபியால் ஒன்றாகக் கட்டியிருந்தால், சாதாரண செஷன் ஏதோ ஒரு கேபிளில் மட்டும் ஓடும்; மற்றவற்றின் பழுது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கேபிளுக்கும் தனி செஷன் வைக்கும் முறை ஆர்எஃப்சி 7130-இல் உள்ளது, அதற்குப் போர்ட் 6784.

12. கழற்றும்போதும் வரிசை உண்டு

ஒரு முனையில் பிஎஃப்டி வரிகளை நேராக அழித்துவிட்டால், பாக்கெட் நின்றுபோனதை மறுமுனை பழுதாகக் கொண்டு அண்டைத் தொடர்பை உதறக்கூடும். முதலில் பியர் பகுதிக்குள் “ஷட்டவுன்” கொடுங்கள். அப்போது அட்மின் டவுன் என்ற நிலை மறுமுனைக்கு அறிவிக்கப்படும். அது பாதைப் பழுது அல்ல, நிர்வாகியின் செயல் என்று மறுமுனை எடுத்துக்கொண்டு, ஓஎஸ்பிஎஃப்பையும் பிஜிபியையும் விழாமல் வைத்திருக்க வேண்டும். அவை அசையவில்லை என்று இரு முனைகளிலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, நெறிமுறைப் பகுதியில் உள்ள பிஎஃப்டி வரியை இரு முனைகளிலும் நீக்குங்கள். பியர் வரியைக் கடைசியாக எடுங்கள்.